தேசிய கார்ட்டிங் போட்டிக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் நான்கு சீசன் தேசிய கார்ட்டிங் சாம்பியன்ஷிப்பில் ஓட்டினாள். மைக்ரோ மேக்ஸ் என்னும் சின்னப் பிள்ளைகள் பிரிவில் ஆரம்பித்து ஜூனியர் மேக்ஸ் வரை வந்தாள். நாங்கள் கோயம்புத்தூர். போட்டி என்றால் வியாழக்கிழமை ராத்திரியே வண்டியைக் கிளப்பி, பெங்களூருக்கோ சென்னைக்கோ விடியும்போது போய்ச் சேருவோம். இப்போது வாரத்துக்கு ஒரு அப்பாவாவது அம்மாவாவது போன் பண்ணுகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மாலில் பத்து நிமிடம் ஓட்டுகிறோமே, அந்தக் கார்ட்டும் இதுவும் ஒன்றா?

நான்கு சக்கரம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. மாலில் ஓடுவது வாடகைக் கார்ட். சுற்றிலும் பிளாஸ்டிக் பம்பர், கனமான உடம்பு, அமைதியான இன்ஜின். போட்டிக் கார்ட் என்பது இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ஒரு சட்டம், அதன் பக்கவாட்டில் ஒரு டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், அவ்வளவுதான். சஸ்பென்ஷன் இல்லை, கியர் இல்லை. பிள்ளையின் இடுப்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். ஜூனியர் பிரிவு இன்ஜின் 125 சிசி, சுமார் 23 குதிரைத்திறன். நேர்ச் சாலையில் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அந்த உயரத்தில் உட்கார்ந்து நூறில் போவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டினேன். இரண்டு நாள் விலா வலித்தது. அதற்குப் பிறகு மகளிடம் "ஏன் மெதுவா வந்தே?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எந்த வயதில் எந்தப் பிரிவு?

இந்தியாவில் நெடுங்காலமாக நடந்துவரும் தேசியத் தொடர் ரோட்டாக்ஸ் மேக்ஸ். ரோட்டாக்ஸ் ஆஸ்திரிய நாட்டு இன்ஜின் நிறுவனம். அதில் மைக்ரோ மேக்ஸ், மினி மேக்ஸ், ஜூனியர் மேக்ஸ், சீனியர் மேக்ஸ் என்று பிரிவுகள் உண்டு. எட்டு வயதுவாக்கில் மைக்ரோ, பத்தைத் தொட்டால் மினி, பன்னிரண்டு பதின்மூன்றில் ஜூனியர், பதினைந்தை ஒட்டி சீனியர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளை எந்தப் பிரிவு என்பதை அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சின்னப் பிரிவிலும் சிலிண்டர் அதே 125 சிசிதான். காற்று போகும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் சுருக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். பிள்ளை வளர வளர அந்தக் கட்டு அவிழும்.

உயரமாக வளர்ந்துவிட்டான் என்று சீக்கிரமே மேல் பிரிவுக்குத் தள்ளாதீர்கள். மைக்ரோவில் கூட்டமாக ஓட்டிப் பழகாத பிள்ளை ஜூனியரில் முதல் திருப்பத்திலேயே திணறும்.

போட்டியை யார் நடத்துகிறார்கள்? எங்கே?

நாட்டின் மோட்டார் பந்தயங்களுக்கெல்லாம் மேலமைப்பு எஃப்எம்எஸ்சிஐ, அதாவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு. ரோட்டாக்ஸ் தொடரைப் பல ஆண்டுகளாக நடத்திவருவது அக்பர் இப்ராஹிமின் மெக்கோ மோட்டார்ஸ்போர்ட்ஸ். அவரே முன்னாள் பந்தய ஓட்டுநர். இன்றைக்குப் பெயர் தெரிந்த இந்திய ஓட்டுநர்களில் பலர் ஒருகட்டத்தில் அவர் நடத்திய தொடரில் ஓட்டியவர்கள்.

இடம் என்றால் பெங்களூரின் மெக்கோ கார்ட்டோபியா, சென்னை இருங்காட்டுக்கோட்டையில் பழைய ரேஸ் டிராக்கை ஒட்டியே கட்டியிருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் கார்ட்டிங் அரீனா இரண்டையும் முதலில் சொல்ல வேண்டும். சென்னை டிராக் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். அகலமானது, முந்துவதற்கு இடம் கொடுக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வந்தது பெரிய வரம். முன்பெல்லாம் பயிற்சிக்கு நாங்கள் மாநிலம் தாண்டிப் போவோம்.

லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். எஃப்எம்எஸ்சிஐ தரும் கார்ட்டிங் லைசென்ஸ். விண்ணப்பம், வயதுச் சான்று, டாக்டர் சான்றிதழ், ரத்த வகை, பெற்றோரின் ஒப்புதல் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். போட்டிக்கு முந்தைய வாரம் ஓடாதீர்கள். சீசன் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, எவ்வளவு செலவாகும்?

ஒளிக்காமல் சொல்கிறேன். நிறைய ஆகும். சேஸிஸ், அதாவது அந்த இரும்புச் சட்டம், சில லட்சம். இன்ஜின் சில லட்சம். அதற்கு மேல் டயர், டீமின் கட்டணம், மெக்கானிக், பயிற்சி நாட்கள், ஹோட்டல், பயணம். ஒரு முழு தேசிய சீசன் பத்து லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். வாடகை அடிப்படையில், கார்ட்டையும் மெக்கானிக்கையும் டீமே தந்து பிள்ளை வந்து ஓட்டிவிட்டுப் போகும் ஏற்பாடு உண்டு. முதல் ஆண்டுக்கு அதுதான் நல்லது. சொந்தக் கார்ட் வாங்கினால் அதை வைக்க இடம், பிரிக்க ஆள், ஓட்ட நேரம் மூன்றும் வேண்டும்.

திறமை இருந்தும் காசில்லாமல் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். என் மகளைவிட வேகமாக ஓட்டிய ஒரு பையன், அடுத்த சீசனில் டிராக் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இந்த விளையாட்டில் எனக்கு ஆறாத குறை அதுதான். டயர் செட் எண்ணிக்கைக்கு வரம்பு, இன்ஜினைத் திறக்க முடியாதபடி சீல் என்று செலவைக் கட்டுப்படுத்த விதிகள் இருக்கின்றன. அவை போதாது. கார்ட்டிங்கில் உதவித்தொகை என்பது கோப்பையைவிட முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். விளம்பரம் கொடுக்கக்கூடிய நிறுவனங்களில் யாராவது இதைப் படித்தால், சீனியரில் ஜெயிக்கிறவனுக்குக் கொடுப்பதில் பாதியை மைக்ரோவில் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

சீட் பெல்ட்டே இல்லையாமே? எப்படி மனசு வருகிறது?

எல்லா அம்மாக்களும் கேட்பது. என் மனைவியும் கேட்டாள். கார்ட்டில் கூரையும் இல்லை, உருண்டால் தாங்கும் கம்பிக்கூடும் இல்லை. அப்படி இருக்கும்போது பெல்ட் போட்டுக் கட்டினால் கார்ட் கவிழும்போது பிள்ளையும் சேர்ந்து அடியில் மாட்டும். அதனால் வேண்டுமென்றேதான் பெல்ட் இல்லை. சீட் உடம்பை இறுக்கமாகப் பிடித்திருக்கும். மோசமான விபத்தில் பிள்ளை கார்ட்டை விட்டு வெளியே வந்துவிடும்.

அதனால்தான் உடுப்பில் கஞ்சத்தனம் கூடாது. சிராய்ப்பைத் தாங்கும் ஓவரால், கணுக்கால் மூடிய பூட், கையுறை, விலாக் கவசம், கழுத்துப் பட்டை. ஹெல்மெட்டில் மட்டும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கான ஹெல்மெட் சின்னக் கழுத்துக்குக் கனம் அதிகம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே எடை குறைந்த ஒரு தரம் உண்டு, சிஎம்ஆர் என்று உள்ளே ஸ்டிக்கர் இருக்கும். போட்டிக்கு முன் நடக்கும் ஸ்க்ரூட்டினி என்ற சோதனையில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். பைக் ஹெல்மெட்டோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன், அது சரிதான்.

விலாக் கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "உறுத்துதுப்பா, வேண்டாம்" என்று பிள்ளை சொல்லும். விட்டுக்கொடுக்காதீர்கள். திருப்பங்களில் சீட்டின் ஓரம் விலாவை அழுத்துவது விபத்து நடந்தால் மட்டும் அல்ல, ஒவ்வொரு லாப்பிலும் நடப்பது.

வெள்ளி முதல் ஞாயிறு வரை என்னதான் நடக்கிறது?

வெள்ளி பயிற்சி. பிறகு ஸ்க்ரூட்டினி, அதாவது கார்ட்டையும் உடுப்பையும் அதிகாரிகள் சோதிப்பது. இன்ஜின் சீல் எண், சேஸிஸ் எண், டயரின் பார்கோடு எல்லாம் பதிவாகும். அதற்குமேல் பதிவான டயரில்தான் ஓட்ட முடியும். ஓட்டுநர் கூட்டம் ஒன்று நடக்கும். பிள்ளை அங்கே இருந்தே ஆக வேண்டும். கொடிகளை அங்கே நினைவுபடுத்துவார்கள். மஞ்சள் ஆடினால் வேகத்தைக் குறை, முந்தாதே. நீலம் காட்டினால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழி விடு. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உன் கார்ட்டில் ஏதோ கழன்றிருக்கிறது, உள்ளே வா. சிவப்பு என்றால் எல்லாரும் நில். ஒன்பது வயதுப் பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்வதைக் கேட்க அவ்வளவு அழகாக இருக்கும்.

தகுதிச் சுற்றில் நேரம் எடுப்பார்கள். அதை வைத்து ஹீட் என்னும் முதல்கட்ட ரேஸ், ஹீட்டை வைத்து ப்ரீ-ஃபைனல், அதை வைத்து ஞாயிறு ஃபைனல். வரிசை அடுத்தடுத்துத் தொற்றிக்கொண்டே போகும் என்பதால் தகுதிச் சுற்றில் ஒரு தப்பு செய்தால் ஞாயிறு சாயங்காலம் வரை அதற்கு வட்டி கட்ட வேண்டும். ஆரம்பம் ஓடிக்கொண்டே நடக்கும். இரண்டிரண்டு பேராக மெதுவாக வந்து, விளக்கு அணைந்ததும் பாய்வார்கள்.

எடையில் அப்படி என்ன இருக்கிறது? எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்களே.

ஒவ்வொரு பிரிவுக்கும் கார்ட்டும் ஓட்டுநரும் உடுப்பும் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி. ஒல்லியான பிள்ளை என்றால் சீட்டில் ஈயக்கட்டியை போல்ட் போட்டு முறுக்கி எடையை ஈடுகட்டுவோம். ரேஸ் முடிந்து உள்ளே வரும் கார்ட் நேராகத் தராசுக்குப் போகும். அதற்கு முன் யாரும் தொடக்கூடாது, தண்ணீர் பாட்டில்கூடக் கொடுக்கக்கூடாது.

இரண்டாவது சீசனில் ஒரு ப்ரீ-ஃபைனல். என் மகள் ஏழாவதாகக் கிளம்பி மூன்றாவதாக வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே தராசில் ஏறி நின்றாள், கண்ணாடிக்குள் சிரிப்பு தெரிந்தது. தராசில் எண் ஆடி ஆடி நின்றது. 300 கிராம் குறைவு. இன்னொரு முறை ஏற்றினார்கள், அதே எண். அந்த ரேஸின் முடிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஃபைனலில் கடைசி வரிசை.

தப்பு முழுக்க என்னுடையது. காலையில் இட்லி சாப்பிட்டு, டேங்க் நிறையப் பெட்ரோலோடு எடை பார்த்துவிட்டு, போதும் என்று அரைக் கிலோ ஈயத்தைக் கழற்றினேன். ஓடும்போது பெட்ரோல் எரியும், வெயிலில் வேர்வை போகும் என்பதை மறந்தேன். அன்றைக்கு அவள் அழவில்லை. "பரவால்லப்பா" என்றாள். அதைக் கேட்க அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு: ரேஸ் முடிந்தபின் இருக்கப்போகும் எடையைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் ஒரு கிலோ வைத்துக்கொள்வது. அந்த ஒரு கிலோவால் போகும் நேரம் கண்ணுக்கே தெரியாது.

எல்லாருக்கும் ஒரே இன்ஜின், சீல் வேறு வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒருவன் எப்படி அரை வினாடி வேகமாகப் போகிறான்?

எல்லாக் கேள்வியிலும் எனக்குப் பிடித்தது இது. கார்ட்டின் பின் ஆக்சில் ஒரே தண்டு. காரில் இருப்பதுபோல டிஃபரென்ஷியல் இல்லை. இரண்டு பின்சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆனால் திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைவாக. ஒரே தண்டில் இருந்துகொண்டு அது எப்படி முடியும்? உள்பக்கப் பின்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு மேலெழ வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களின் சாய்மானம் சட்டத்தை முறுக்கி, அந்தச் சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலையை அந்த இரும்புக் குழாய்களின் நெளிவு செய்கிறது. அதனால்தான் ஆக்சில் மென்மையா கடினமா, முன்சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம், டயரில் எத்தனை காற்று, சீட்டை எங்கே போல்ட் செய்தோம் என்பதெல்லாம் நேரத்தில் தெரிகிறது.

இதோடு டிராக்கும் மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளி காலையில் தூசி. சனிக்கிழமைக்குள் டயர்கள் தேய்ந்த ரப்பர் தரையில் ஒட்டிக் கறுப்பு வழி விழுந்துவிடும். ஞாயிறு மதியம் பிடிப்பு கூடிப்போய், வெள்ளிக்கிழமை வழுக்கிய கார்ட் இப்போது திருப்பத்தில் இறுகி நிற்கும், குதிக்கவும் செய்யும். வெள்ளி செட்டிங்கை ஞாயிறு வரை கட்டி அழக்கூடாது.

இன்ஜினை யாரும் திறக்க முடியாது. கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளையை, மாற்றலாம். காலைக் குளிரில் காற்று அடர்த்தி, பெரிய ஜெட். இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு மணி வெயிலுக்குக் காற்று இளகிவிடும், ஜெட்டைச் சுருக்க வேண்டும். அளவுக்கு மேல் சுருக்கினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். காபிப் பொடி நிறம் இருந்தால் நிம்மதி. பெட்ரோலில் கலக்கும் ஆயில் ஐம்பதுக்கு ஒன்று, 10 லிட்டருக்கு 200 மில்லி. கண்ணளவு வேண்டாம், அளவுக் குவளையில் ஊற்றுங்கள்.

இத்தனையும் தெரிந்த மெக்கானிக் கிடைத்தாலும், கார்ட்டுக்குள் உட்கார்ந்திருப்பது பிள்ளைதான். முதல் ஆண்டு என் மகளிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பாள். பன்னிரண்டாவதாக வந்த அன்றும் அதே "நல்லா இருந்துச்சு"தான். எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒருநாள் சாக்பீஸை எடுத்து, டென்ட் தரையில் ஒரு திருப்பம் வரைந்தார். அதை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தார். "பாப்பா, பிரேக் விட்டு உள்ளே போறது இது. நடு இது. ஆக்சிலேட்டர் மிதிச்சு வெளியே வர்றது இது. இப்ப சொல்லு, எங்கே என்ன பண்ணுது?"

அவள் குனிந்து உட்கார்ந்து, விரலை அந்தக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டினாள். "இங்க ஓகேண்ணா. இங்க வந்ததும் மூக்கு வெளியே வெளியே போகுது. நான் இன்னும் திருப்புறேன், வரமாட்டேங்குது. அப்புறம் டக்குன்னு பிடிச்சு இழுக்குது."

அவர் பதில் பேசவில்லை. முன்சக்கர ஸ்பேசரை (சக்கரத்தைத் தள்ளிவைக்கும் வளையம்) மாற்றி, இரண்டு பக்கமும் ஒரு அளவு அகலப்படுத்தினார். அடுத்த ஓட்டத்தில் அவள் நேரம் 0.2 வினாடி குறைந்தது. அது எனக்குப் பெரிதில்லை. திரும்பி வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அந்தச் சாக்பீஸ் படத்தின் அருகே போய் நின்றாள், சொல்வதற்கு. அன்றிலிருந்துதான் அவள் ரேஸர் ஆனாள் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அதனால் பயிற்சியாளர் தேடும்போது "எத்தனை கோப்பை ஜெயித்துக் கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அவர் பிள்ளையிடம் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். தேசியப் போட்டியில் முதல் பத்துப் பேருக்கும் வேகம் இருக்கும். உணர்ந்ததைச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை முன்னால் போகும்.

ஜெயித்த பிள்ளைக்கு 5 வினாடி பெனால்டி போட்டுவிட்டார்கள். அநியாயம் இல்லையா?

முன் பம்பர் விஷயமாகத்தான் இருக்கும். இப்போதைய முன் பம்பர், இடித்தால் உள்ளே சரியும்படி மாட்டப்பட்டிருக்கும். ரேஸ் முடிந்து வரும்போது அது சரிந்திருந்தால் 5 வினாடி கூட்டுவார்கள். முன்னால் போகிறவனைப் பின்னாலிருந்து தள்ளி வழி உண்டாக்குவது ஒரு காலத்தில் பழக்கமாகவே இருந்தது. அதை நிறுத்தத்தான் இந்த விதி. சிலசமயம் முன்னால் போனவன் எதிர்பாராமல் பிரேக் பிடித்தாலும் நம் பம்பர்தான் சரியும், அப்போது வயிறு எரியும். இருந்தாலும் நான் இந்த விதியின் பக்கம். இது வந்தபின் பிள்ளைகள் இடைவெளி பார்த்து முந்தக் கற்றுக்கொண்டார்கள்.

அதிகாரிகளிடம் பேச வேண்டுமானால் முறைப்படி எழுதிக்கொடுங்கள். பிள்ளை பார்க்க, டிராக் ஓரத்தில் சத்தம் போடாதீர்கள்.

மழை வந்தால் நிறுத்திவிடுவார்களா?

மின்னல், தேங்கிய தண்ணீர் என்றால் நிறுத்துவார்கள். சாதாரண மழைக்கு மழை டயர் மாட்டி ஓட்டுவார்கள். அன்றைக்கு ரப்பர் ஒட்டிய வழக்கமான வழி எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். கெட்டிக்காரப் பிள்ளை வெளிப்பக்கமாக, யாரும் போகாத தரையில் பிடிப்புத் தேடும். பயிற்சி நாளில் மழை பெய்தால் டென்ட்டுக்குள் ஒதுங்காமல் ஓட்டவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டா?

தேவையே இல்லை. ஒரே கிரிட்டில் (ரேஸ் தொடங்கும் வரிசை), ஒரே எடை விதியில் ஓட்டுகிறார்கள். வதோதராவின் மீரா எர்டா ஒன்பது வயதில் கார்ட்டில் ஆரம்பித்து ஃபார்முலா கார்கள் வரை போனவர். என் மகள் போன முதல் போட்டியில் அவளோடு சேர்த்து இரண்டே பெண் பிள்ளைகள். உடை மாற்ற ஒழுங்கான இடம் இல்லாமல் எங்கள் காரின் கண்ணாடிக்குத் துண்டு கட்டி மறைத்தோம். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஹெல்மெட் போட்டபின் யார் பெண், யார் பையன் என்று மற்ற பிள்ளைகள் பார்ப்பதில்லை. பெரியவர்கள்தான் "பொண்ணுகிட்டயா தோத்தே?" என்று தன் மகனைக் கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், இரண்டு பிள்ளைகளையும் ஒரே வார்த்தையில் காயப்படுத்துகிறீர்கள்.

ரேஸ் அன்றைக்கு அப்பா அம்மா என்ன செய்வது?

தண்ணீர், நிழல், சாப்பாடு. மதியம் பிரியாணி வேண்டாம். தயிர் சாதம், வாழைப்பழம், இளநீர். ஓவராலை இடுப்பு வரை இறக்கிவிட்டு நிழலில் உட்கார வையுங்கள், கழுத்துக்குப் பின்னால் ஈரத்துண்டு. கிரிட்டுக்குப் போவதற்கு முந்தைய பத்து நிமிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் கொடுக்கும் யோசனை எதுவும் மூளைக்குள் இறங்காது. பயிற்சியாளர் ஒருவர் பேசினால் போதும். முடிந்து வந்ததும் முதல் கேள்வி "எத்தனாவது?" என்று இருக்க வேண்டாம்.

படிப்பு கெட்டுவிடாதா?

வெள்ளிக்கிழமைகள் போகும். சீசன் அட்டவணை வந்ததுமே பள்ளிக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள், பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். பத்தாம் வகுப்பு ஆண்டில் நாங்கள் பாதி சீசனை விட்டுவிட்டோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இதிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போக முடியுமா?

பாதை இருக்கிறது, மிகக் குறுகலானது. 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான எங்கள் கோவை நரேன் கார்த்திகேயன் வளர்ந்த காலத்தில் இங்கே பிள்ளைகளுக்கான கார்ட்டிங் தொடர் கிடையாது. பதினைந்து வயதில் பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போய்த்தான் கற்றார். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக் வந்தார். அதற்கடுத்த தலைமுறை கார்ட்டில் பிறந்தது. மும்பையின் ஜெஹான் தாருவாலா 2020 டிசம்பரில் பஹ்ரைனின் சாகிரில், ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருக்கும் ஃபார்முலா டூவில் ரேஸ் ஜெயித்த முதல் இந்தியர். பெங்களூரின் குஷ் மைனி 2025-ல் மொனாக்கோவில் ஃபார்முலா டூ ஸ்பிரின்ட் ரேஸை, அதாவது குறுகிய ரேஸை, ஜெயித்தார். இருவரும் சின்ன வயதில் இந்தியக் கார்ட் டிராக்குகளில் ஓட்டியவர்கள்.

தேசிய அளவில் மேலே வருகிறவர்களுக்கு ரோட்டாக்ஸ் உலக இறுதிப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு உண்டு. போர்த்துகலின் போர்ட்டிமாவோ, இத்தாலியின் சார்னோ, பஹ்ரைன் என்று இடம் மாறும். அங்கே கார்ட்டும் இன்ஜினும் அவர்களே குலுக்கல் முறையில் கொடுப்பார்கள். அப்பாவின் காசுக்கு அங்கே வேலை இல்லை, ஓட்டுகிறவனுக்குத்தான். அதனாலேயே அந்தப் போட்டி மேல் எனக்கு அத்தனை மரியாதை.

ஃபார்முலா ஒன் கனவை எட்டு வயதுப் பிள்ளையின் முதுகில் நீங்கள் ஏற்ற வேண்டாம். அதுவே ஏற்றிக்கொண்டால் கூடவே நடங்கள். எங்கள் வீட்டில் அவள் இப்போது ஓட்டுவதைவிட டேட்டா பார்ப்பதில்தான் ஆர்வமாக இருக்கிறாள். ஸ்டீயரிங்கில் இருக்கும் லாகர் என்ற பதிவுக் கருவியிலிருந்து வேகக் கோடுகளை லேப்டாப்பில் இறக்கி, சின்னப் பிள்ளைகளுக்கு விளக்குகிறாள்.

முதல் போட்டிக்குக் கிளம்புகிறோம். பையில் என்ன மறக்கக்கூடாது?

லைசென்ஸ், அதன் நகல். கூடுதலாக ஒரு ஜோடி கையுறை, வேர்வையில் நனைந்தது காயாது. ஹெல்மெட் கண்ணாடிக்கு மேல் ஒட்டிக் கிழித்தெடுக்கும் பிளாஸ்டிக் தாள். டயர் காற்றளவு மானி, சொந்தமாக ஒன்று, எப்போதும் அதே ஒன்று. இரண்டு கடைகளின் மானி ஒரே எண் காட்டாது. பெரிய குடை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஈயக்கட்டியும் அதற்கான போல்ட்டும்.

அப்புறம் சாக்பீஸ். எங்கள் டூல் பெட்டியில் இன்னும் நான்கைந்து துண்டு கிடக்கிறது. வந்தால் கேளுங்கள், தருகிறேன்.